மருதாணி வேலியில் எடுத்த படம்

மாமா,

இன்று காலை நம் மகள் இறால் ஊறுகாய் போடுவதற்காகக் புளித்த காடி சீசாவைத் திறந்தாள். படுத்திருந்தவள் சட்டென்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இராயபுரத்து வீட்டின் சமையல் அறையில் சன்னலுக்குச் சாக்கு கட்டி, லாந்தருக்குச் சிவப்புத் துணி சுற்றி, நீங்கள் பீங்கான் தட்டின்மேல் குனிந்திருப்பதாகவே ஒரு கணம் நினைத்தேன். படம் கழுவும் மருந்தில் அந்தக் காடி வாடைதான் தூக்கலாக இருக்கும். "ஆட்டு, மெதுவா ஆட்டு, சிந்தாத" என்று நீங்கள் சொல்வதுகூடக் காதில் விழுந்த மாதிரி இருந்தது. பிறகுதான் இது திருவொற்றியூர் என்பதும், நீங்கள் போய் ஒரு மழைக்காலம் தாண்டிவிட்டது என்பதும் புத்திக்கு எட்டின.

வாய்ப்பேச்சில் உங்களை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். எழுத உட்கார்ந்தால் கை 'நீங்கள்' என்கிறது. மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவளுக்கு எழுத்து என்றாலே ஒரு மரியாதை வந்துவிடுகிறது. நீங்கள் இருந்தால் சிரிப்பீர்கள். "இன்னா, தொரைசானி லெட்டர் எழுதறியா?" என்று கேட்பீர்கள்.

அந்தக் காடி வாடையோடு எனக்கு வருவது சந்தோஷம் இல்லை, மாமா. வெட்கம்தான் வருகிறது. இத்தனை வருஷம் கழித்தும் காது மடல் சுடுகிறது. யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துக்கொண்டேன். மகள் மட்டும் இறாலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெட்டி நம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சொல்கிறேன். ரயில் பட்டறையில் உங்களுக்குத் தச்சு வேலை. சீமைக்குத் திரும்பிப் போகிற ஒரு கார்டு துரைக்குச் சாமான் கட்ட மரப்பெட்டி அடித்துக் கொடுத்தீர்கள். அவர் வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய படம் பிடிக்கும் பெட்டியை உங்களிடம் தள்ளிவிட்டுப் போனார். அதன் தோல் துருத்தி கிழிந்திருந்தது. ஆட்டுத்தோல் வாங்கி வந்து ஒட்டினீர்கள். முதலில் என்னை உட்கார வைத்து ஒரு படம் எடுத்தீர்கள். கழுவிப் பார்த்தால் யாரோ ஒரு பொம்பளை முறைத்துக்கொண்டிருந்தாள். நான் கோபித்துக்கொண்டேன். நீங்கள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மனுசன் பெட்டியக் கண்டதும் மூஞ்சிய மாத்திக்கிறான். ஒண்ணும் சரிப்படல" என்றீர்கள்.

அப்புறம் ஒருநாள் நம் பின்பக்கத்து மருதாணி வேலியில் ஒரு சிலந்தியைப் பார்த்தீர்கள். வலையின் நடுவில் வெள்ளை நூலால் தையல் போட்ட மாதிரி கோணல்மாணலாக ஒரு பெருக்கல் குறி. அதன்மேல் எட்டுக் காலையும் இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்துத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. உடம்பில் மஞ்சள் பட்டை, முதுகில் வெள்ளிப் பூச்சு. நான் துடைப்பத்தை எடுத்தேன். "வுடு வுடு, அது நம்மள இன்னா பண்ணிச்சு?" என்று பிடுங்கிக்கொண்டீர்கள். கட்டைவிரல் நகம் அளவுள்ள அதை உள்ளங்கை அளவுக்குப் படத்தில் கொண்டுவரவேண்டும் என்று பைத்தியம் பிடித்துவிட்டது உங்களுக்கு. கிட்டப் போகணும் என்றால் பெட்டி நீளணும் என்றீர்கள். பட்டறையில் கழித்துப் போட்ட தேக்குத் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்து, முழ நீளத்தில் ஒரு கூடு செய்து, உள்ளே கறுப்புப் பூசி, துருத்திக்கு முன்னால் பொருத்தினீர்கள். கிட்டப் போகப் போக வெளிச்சம் குறைந்துவிடும். அதற்கு என் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போய் வெயிலைத் திருப்பிவிட்டீர்கள். பெட்டிக் கண்ணின் மூடியைக் கழற்றிவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பீர்கள். திரும்ப மூடியைப் போடும்வரை வலை அசையக்கூடாது.

காற்றுதான் உங்களுக்கு விரோதி. கடல் காற்று ஏறிவிட்டால் வலை ஆடும், படம் கலங்கிவிடும். அதனால் வெயில் வந்ததும் வராததுமாக வேலியடிக்குப் போய்விடுவீர்கள். நம் வரிசை வீடுகளுக்கெல்லாம் பின்பக்கம் ஒரே குழாய். அதை ஒட்டிப் பெண்கள் குளிக்கத் தென்னந்தட்டி கட்டிய மறைப்பு. மறைப்புக்கும் நமக்கும் நடுவில்தான் அந்த மருதாணி வேலி. பெண்கள் குளிக்க வருவதும் அதே நேரம்தான். உங்களுக்குச் சிலந்தி ஒன்றுதான் கண்ணில் பட்டது. எனக்கு என் புருஷன் கிறுக்கு ஒன்றுதான் கண்ணில் பட்டது. பக்கத்தில் குளிக்கிற இடம் இருக்கிறதே என்று நாம் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தேன். "ஐயோ, எவனோ பாக்கறான்! வேலியாண்ட எவனோ பாக்கறான்!" என்று பவுனுவின் குரல் கேட்டது. மூன்றாவது வீட்டுப் பவுனு. கல்யாணம் ஆகி வந்து ஒரு பொங்கல்கூட ஆகாத பெண். அவள் புருஷன் சிங்காரம் துறைமுகத்தில் கரி மூட்டை தூக்குகிறவன். முன்கோபி. தட்டியின் இடுக்கு வழியாக அவள் கண்டது கறுப்புத் துணி போர்த்திய ஒரு உருவமும், அதன் நடுவில் பளபளவென்று ஒற்றைக் கண்ணாடிக் கண்ணும். பயந்து அலறிவிட்டாள்.

நான் ஓடி வருவதற்குள் ஆண்கள் வந்துவிட்டார்கள். நீங்கள் கையில் மூடியை வைத்துக்கொண்டு நின்றீர்கள். படம் பாதியில் இருந்தது. "டேய்!" என்று கத்திக்கொண்டு அத்தனை பேர் ஓடி வருகிறார்கள். நீங்கள் மூடியைப் போட்டு, படம் பதியும் கண்ணாடித் தட்டு இருந்த சட்டத்தை அடைத்து, அப்புறம்தான் திரும்பினீர்கள். அதனால் முதல் அடி முதுகில் விழுந்தது.

"இன்னாடா பண்ணிகினு கீற?" சிங்காரம்தான் கேட்டான்.

"எட்டுக்கால் பூச்சிய... படம்..."

"பூச்சியா? பொம்பளங்க குளிக்கிற எடத்தாண்ட, கறுப்புத் துணி போத்திகினு, பூச்சியா?"

உங்கள் சட்டை தோளிலிருந்து கிழிந்தது. யாரோ துப்பினார்கள். ஒருவன் மூன்று கால் கட்டையோடு பெட்டியைத் தூக்கித் தலைக்குமேல் ஓங்கினான். அப்போதுதான் கோடி வீட்டு மேஸ்திரி நைனா வந்தார். பட்டறையில் உங்களுக்கு மேலாள், வரிசையில் எல்லோருக்கும் பஞ்சாயத்து. "அத்த ஒடைக்காத. உள்ள இன்னா கீதுன்னு பாப்போம். பாத்துட்டு ஒடைச்சிக்கலாம்" என்றார்.

"வெளிச்சம் பட்டா அழிஞ்சிடும், நைனா. கழுவிக் காட்டறேன்" என்றீர்கள். உங்கள் உதடு வீங்கியிருந்தது.

அப்படித்தான் நம் சமையல் அறைக்குள் அன்று மேஸ்திரியும் சிங்காரமும் வந்து குந்தினார்கள். அடுப்பை அணைத்தேன். சாக்கைக் கட்டினேன். பானைத் தண்ணீரை ஊற்றி மருந்தைக் குளிரவைத்தேன். பீங்கான் தட்டை நான் ஆட்டினேன். சிங்காரம் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. வேற்று ஆண்கள் இரண்டு பேர், என் ஈரப் பாத்திரங்கள், மூலையில் சுருட்டி வைத்த என் பழைய புடவை, இருட்டு. எங்கே நிற்பது என்று தெரியாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டே ஆட்டினேன். சிவப்பு வெளிச்சத்தில் கண்ணாடித் தட்டில் நிழல் மாதிரி ஏதோ ஏறியது. கழுவி வெளியே கொண்டுவந்தால், அதில் எல்லாம் தலைமாற்றாக இருக்கும், வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. "கறுப்பா இன்னாவோ நிக்கிது பாரு" என்று ஒருவன் சொன்னான். "காயிதத்துல எடுத்தாத்தான் தெரியும்" என்றீர்கள்.

தட்டு காயவேண்டும். மெருகு போட வைத்திருந்த ஸ்பிரிட்டில் அதை முக்கி எடுத்துக் கொடுத்தீர்கள். நான் வாசலில் உட்கார்ந்து விசிறினேன். வரிசை முழுக்கக் கூடி நின்று பார்த்தது. அந்த நேரம் எவ்வளவு நீண்டது, மாமா! நீங்கள் கிழிந்த சட்டையைக் கையால் பிடித்தபடி தெருவில் நின்றீர்கள். உங்களைப் பார்க்கிறவர்கள் என்னையும் பார்த்தார்கள். முந்தின நாள் என்னிடம் உப்பு வாங்கிப் போனவள்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். பூமி பிளக்கட்டும் என்று கதையில் சொல்வார்களே, அப்படியெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. விசிறியை நிறுத்தினால் நிமிர்ந்து பார்க்கவேண்டி வருமே என்று விசிறிக்கொண்டே இருந்தேன்.

காய்ந்த தட்டோடு மருந்து பூசிய காகிதத்தைச் சேர்த்துச் சட்டத்தில் மாட்டி, ஒரு முக்காலிமேல் வெயிலில் வைத்தீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஊதா ஏறியது. தலைகள் குனிந்தன. சட்டத்தைத் திறந்து எடுத்தீர்கள்.

சிலந்தி வந்திருந்தது. உள்ளங்கை அளவுக்கு. காலில் இருந்த முள்மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. முதுகின் வெள்ளியில் புள்ளி புள்ளியாகக் குழிகள். வெள்ளை நூல் தையல், பிரிபிரியாக. எனக்குத் தெரிந்து இராயபுரத்தில் அதற்கு முன் யாரும் அப்படி ஒன்றைக் கண்டிருக்கமாட்டார்கள். உங்கள் முகத்தைப் பார்த்தேன். அத்தனை அடிக்கு நடுவிலும் ஒரு நொடி அது மலர்ந்தது.

ஒருவரும் சிலந்தியைப் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால், தூரத்தில், கலங்கலாக, வெள்ளையாக உயரமாக ஒன்று நின்றது. நடுவில் கொஞ்சம் ஒடுங்கி, மேலே கறுப்பாக ஒரு திட்டு. சிங்காரம் விரலை அதன்மேல் ஊன்றினான்.

"இதோ கீது பாரு. இது இடுப்பு. இது தல. இன்னா நைனா, இது பூச்சியா?"

"அது கொடியில காயற வேட்டி" என்றீர்கள். "தூரத்துல கீறது கலங்கித்தான் தெரியும். மேல கீறது கம்பத்து முனை."

"வேட்டிக்கு இடுப்பு கீதா?"

சிங்காரம் குனிந்து கல்லை எடுத்தான். இன்னும் இரண்டு பேர் எடுத்தார்கள். மேஸ்திரி படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் இனி தடுக்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அது நான்தான்" என்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்தது. எல்லோரும் திரும்பினார்கள்.

"நான்தான் நின்னேன். அந்த ஆளு அவரு பொண்டாட்டியப் படம் புடிச்சாரு. உங்களுக்கு இன்னா? வேற எந்தப் பொம்பளயும் அதுல இல்ல. போங்க."

"இல்ல, அது..." என்று நீங்கள் ஆரம்பித்தீர்கள். நான் உங்கள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினேன். நகம் பதிந்திருக்கும். நீங்கள் நிறுத்திவிட்டீர்கள்.

அப்புறம் யாரோ சிரித்தார்கள். அது பரவியது. "அடச்சீ! சொந்தப் பொண்டாட்டிய வேலியாண்ட நிக்க வெச்சிப் படம் புடிக்கவா இத்தினி பேஜாரு?" என்று மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்பா, வூட்டுக்குள்ள எடமே இல்லியா?" என்று இன்னொருவன். சிங்காரம் கல்லைக் கீழே போட்டான். உங்கள் தோளைத் தட்டிவிட்டுக்கூடப் போனான். கல்லால் அடிபடாமல், பெட்டி உடையாமல் தப்பித்தோம்.

வீட்டுக்குள் வந்து உங்கள் உதட்டுக்கு மஞ்சள் வைத்தேன்.

"அங்க யாரும் நிக்கல" என்றீர்கள்.

"தெரியும்."

"வேட்டிதான்."

"தெரியும், மாமா. நான் அடுப்பாண்ட கீறேன், எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் சொன்ன?"

"கல்லு எடுத்துட்டானுங்க. நான் இன்னா பண்ணட்டும்?"

நீங்கள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் கத்தித் தீர்த்திருப்பேன். அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தீர்கள். "நான் நெசத்தச் சொன்னேன். இப்ப நானே பொய்யின்னு ஆயிடுச்சி" என்றீர்கள். அழியாமல் நிறுத்தும் மருந்தில் இன்னும் போடாத படம் அது. வெளிச்சத்தில் பார்க்கப் பார்க்கக் கறுத்துக்கொண்டே போனது. அதை எடுத்து மருந்தில் போட உங்களுக்கும் மனம் வரவில்லை, எனக்கும் கை வரவில்லை.

அதற்குப் பின் வந்த நாட்களை நினைத்தால் இன்னும் கூசுகிறது. குழாயடிக்குப் போனால், "இன்னாடி, இன்னிக்குப் படம் இல்லியா? சீவி முடிச்சிகினு வந்துகீறயே!" என்பார்கள். நனைந்த புடவையோடு வேலியடியில் புருஷனுக்கு நின்று காட்டினவள் என்று ஆகிவிட்டேன். கெட்டவள் என்று சொல்லவில்லை, சிரித்தார்கள். திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். சிரிப்புக்கு என்ன செய்வது? இரண்டு தெரு தாண்டிப் போய்த் தண்ணீர் பிடித்தேன். உங்களையும் பட்டறையில் விடவில்லை. இழைப்புளியால் மரம் சீவும்போது பின்னால் வந்து துணியைத் தலையில் போர்த்திவிட்டுச் சிரிப்பார்களாமே, அதை நீங்கள் என்னிடம் சொல்லவில்லை. வேறு வாயால்தான் கேட்டேன். பெட்டியைக் கட்டிப் பரண்மேல் போட்டீர்கள். வேலியடிக்கே போகவில்லை.

ஆடி மாதம் என்று நினைக்கிறேன், பவுனு வந்தாள். நீங்கள் வேலைக்குப் போயிருந்த நேரம். வயிறு கொஞ்சம் தெரிந்தது. உள்ளே வராமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அது எங்க வூட்டு வேட்டி."

"எது?"

"படத்துல நின்னுச்சே. நான்தான் காயப் போட்டேன். காத்துல பறக்குதேன்னு நடுவுல ஒரு முடிச்சிப் போட்டேன். அதான் இடுப்பு மாதிரி... அன்னிக்கே தெரிஞ்சிது. சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். அதுக்குள்ள நீ சொல்லிட்ட." அழ ஆரம்பித்தாள். "கத்திட்டேன் அக்கா. கத்தினப்புறம் எல்லாரும் ஓடறாங்க. அதுக்கு மேல இல்லன்னு எப்பிடிச் சொல்லுவேன்? இப்ப சொல்லட்டுமா? எல்லாரையும் கூப்ட்டுச் சொல்லட்டுமா?"

அவளை உள்ளே இழுத்து உட்கார வைத்தேன். கோபம் வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அவள் முகத்தில் நான் பார்த்தது என் முகத்தைத்தான். அவளும் அதே குழாயடிக்கு அதே கூச்சத்தோடுதான் இத்தனை நாள் போய் வந்திருக்கிறாள்.

நீங்கள் வந்ததும் சொன்னேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவினீர்கள். அப்புறம், "சொல்லவேணாம்னு சொல்லு. சிங்காரம் அவள அடிச்சே கொன்னுடுவான். மாசமா கீறா" என்றீர்கள். "நம்ம மானம்?" என்று கேட்டேன். "அது போய் எவ்ளோ நாளாச்சி. அந்தப் பொண்ணாவது நல்லா இருக்கட்டும்" என்றீர்கள். எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்த் தனியாக நின்றேன். என் மானத்தைப் பற்றி மட்டும் கேட்டேனே என்று இருந்தது.

பவுனு வந்து சொன்னது உங்களுக்குள் எதையோ தளர்த்திவிட்டது. அடுத்த ஞாயிறு பரணிலிருந்து பெட்டியை இறக்கினீர்கள். ஆனால் ஒரு நிபந்தனை சொன்னீர்கள். "இனிமே நீயும் வா. நீ பக்கத்துல இருந்தா எவனும் எதுவும் சொல்லமாட்டான்." அப்படி நான் உங்களுக்குக் காவல் ஆனேன். வேலி வேண்டாம், ஊர் வேண்டாம் என்று எண்ணூர்ப் பக்கம் சவுக்குத் தோப்புக்கு ரயிலேறிப் போவோம். நீங்கள் பெட்டியைத் தோளில் சுமக்க, நான் மூன்று கால் கட்டையும் குடையும் எடுத்துக்கொண்டு பின்னால் வருவேன். குடை வெயிலுக்கு இல்லை, வலைக்குக் காற்று படாமல் பிடிக்க. ரயிலில் இருக்கிறவர்கள் நம்மைக் கழைக்கூத்து ஆடுகிறவர்கள் என்று நினைத்து, "இன்னிக்கு எங்க ஆட்டம்?" என்று கேட்டதுண்டு. நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

தோப்பில் ஒருநாள் என்னையும் துணிக்குள் கூப்பிட்டீர்கள். "ஒரு தபா பாரு. நீ இத்தினி கஸ்டப்பட்டியே, எதுக்குன்னாவது பாரு." பட்டப்பகலில், திறந்த வெளியில், புருஷனும் பெண்டாட்டியும் ஒரே போர்வைக்குள்! மாட்டேன் என்றேன். கையைப் பிடித்து இழுத்துவிட்டீர்கள். உள்ளே இருட்டும் உங்கள் வேர்வை வாடையும். தேய்த்த கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம் ஒரு இலை, இலைமேல் குட்டையாக, மயிரடர்ந்து, ஒரு குதிக்கிற சிலந்தி. முன்பக்கம் வண்டி விளக்கு மாதிரி இரண்டு பெரிய கண், பக்கத்தில் சின்னதாக இரண்டு. அது நேராக என்னையே பார்த்தது. உடம்பை அசைக்காமல் முகத்தை மட்டும் கொஞ்சம் உயர்த்தியது. நான் மூச்சு விடவில்லை. அத்தனை சின்ன உடம்புக்குள் இருந்து ஒன்று என்னை யார் என்று கேட்பது போல இருந்தது. "இன்னா தெரியுது?" என்று காதருகில் கேட்டீர்கள். "பாக்குது" என்றேன்.

அப்போது வெளியே சிரிப்புச் சத்தம். மீன்கூடையோடு நாலைந்து பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். போர்வைக்குள் நாலு கால் தெரிந்திருக்கிறது. "நல்லா ஜோரா கீது!" என்று ஒருத்தி கத்தினாள். நான் வெளியே வரவே இல்லை. அவர்கள் சத்தம் தேயும்வரை துணிக்குள்ளேயே நின்றேன். வெட்கத்தில் உடம்பெல்லாம் சுட்டது. நீங்கள் சிரித்துக்கொண்டே இருந்தீர்கள். நம் வாழ்க்கையில் வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தது அந்த ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகு எத்தனை படங்கள்! முட்டைப் பையை அணைத்துக்கொண்டு பட்டினி கிடந்த பச்சைச் சிலந்தி, மழை விட்டதும் மண்ணிலிருந்து கிளம்பிய சிவப்புப் பட்டுப்பூச்சி, குட்டிகளை முதுகில் சுமந்துகொண்டு நம் காலடியிலேயே நின்ற தேள். அன்று நான் குடையைப் போட்டுவிட்டு ஓடினேன், நீங்கள் அசையவில்லை. யாரிடம் காட்டினோம்? வீட்டுக்கு வந்தவர்கள் சுவரில் பார்த்துவிட்டு, "சாமி படம் மாட்டக் கூடாதா?" என்று கேட்டார்கள். நீங்கள் சிரித்துவிட்டு விடுவீர்கள். அந்த வேலிச் சிலந்தியின் கண்ணாடித் தட்டை மட்டும் நீங்கள் மறுபடி காகிதத்தில் எடுக்கவே இல்லை. நீங்கள் எடுத்ததிலேயே அதுதான் சிறந்தது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

உங்கள் காரியத்தன்று நடந்ததை நீங்கள் அறியமாட்டீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பழைய வரிசை ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மருமகப்பிள்ளையின் ஆபீஸ் மனிதர்களும் வந்திருந்தார்கள். பந்தியில் உட்கார்ந்தபடி உங்களைப் பற்றி நல்லவிதமாகத்தான் பேசினார்கள். ஒருவர் உங்கள் கைவேலையைச் சொன்னார். அப்போது சிங்காரம், தலை நரைத்து, பல் போய், இலைக்கு முன்னால் உட்கார்ந்து சத்தமாகச் சொன்னான். "அட, பொண்டாட்டிய வேலியாண்ட நிக்க வெச்சிப் படம் புடிச்ச ஆளுப்பா! நான்கூடத் தெரியாம அடிச்சிட்டேன். அண்ணிதான் வந்து, அது நான்தான்னு சொல்லிச்சி!" சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் நிஜமாகவே அழுதான், மாமா. உங்கள்மேல் அத்தனை பிரியம். பந்தி முழுக்கச் சிரித்தது. ஆபீஸ் மனிதர்கள் இலையைப் பார்த்துக் குனிந்தார்கள். மகள் முகம் சிவந்துவிட்டது.

அத்தனை வருஷம் உயிரைக் கொடுத்து நீங்கள் செய்ததில் ஊருக்கு நினைவிருந்தது அந்த ஒன்றுதான். அதுவும் நீங்கள் செய்யாதது. அந்தக் கல்லுக்குப் பயந்து நான் சொன்னது.

விதவையாகக் கூடத்து மூலையில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்தேன். "நான் அங்க நிக்கவே இல்ல" என்றேன். "அவரு எட்டுக்கால் பூச்சியத்தான் எடுத்தாரு. பின்னால நின்னது வேட்டி. கல்லு எடுத்தீங்கன்னு பயந்து பொய் சொன்னேன்."

சிங்காரம் நிமிர்ந்து பார்த்தான். "வுடு அண்ணி. இந்த வயசுல இன்னா வெக்கம்?" என்றான் மிக அன்பாக.

தண்ணீர்ச் செம்போடு வாசற்படியில் நின்ற பவுனு சொன்னாள், "அது நம்ம வூட்டு வேட்டிதான்யா. நான்தான் முடிச்சிப் போட்டேன்."

"நீ சும்மா இரு. அண்ணிக்காவப் பேசறா பாரு" என்று அவன் மறுபடி சிரித்தான். ரசம் வந்தது. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

நானும் பவுனுவும் பின்பக்கம் போய் நின்றோம். இரண்டு பேரும் சொல்லியாகிவிட்டது. யாரும் கேட்கவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "லேட்டாயிடுச்சிக்கா" என்றாள். அவ்வளவுதான்.

இப்போது மகள் வீட்டில் இருக்கிறேன். வாசல் தூணுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவில் ஒரு சிலந்தி வலை கட்டியிருக்கிறது. மருமகப்பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் குனிந்து, நெளிந்து, தலைப்பாகையைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே வருகிறார்கள். "இன்னாம்மா இது, வூடு பெருக்கறதே இல்லியான்னு கேக்கறாங்க. எனக்கு மானமே போவுது" என்கிறாள் மகள். எனக்கும்தான் போகிறது. நேற்று ஒரு பெரிய மனிதர் வந்தபோது முகத்தில் நூல் ஒட்டிக்கொண்டது. நான் உள்ளே போய் ஒளிந்துகொண்டேன். அவர் போனதும் வெளியே வந்து, கண் சரியாகத் தெரியாததால் மூக்கு வலையில் படும் அளவுக்குக் கிட்டே போய், அது இன்னும் இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு காலைத் தூக்கி அறுந்த இடத்தைத் தைத்துக்கொண்டிருந்தது. துடைப்பத்தை எடுத்துத் திண்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். மகள் தேடிக்கொண்டிருக்கிறாள்.